ஆங்கில கிராமர், வொக்காபுலரி, காம்ப்ரிஹென்ஷன்: தேர்வு எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போட்டித் தேர்வு, நுழைவுத் தேர்வு, வேலைக்கான ஆன்லைன் டெஸ்ட் என்று எதுவாக இருந்தாலும், ஆங்கிலப் பகுதியில் கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான் சுற்றி வரும். தயாராகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் இருக்கிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

கிராமர் விதிகள் எல்லாம் தெரியும். ஆனாலும் கேள்வியில் கோட்டைவிடுகிறேன். ஏன்?

விதி தெரிவது பாதி வேலைதான். அது வாக்கியத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காண்பது மீதிப் பாதி. எழுவாய் ஒருமை என்றால் வினையும் ஒருமை. இது தெரியாதவர் யார்? ஆனால் 'தி குவாலிட்டி ஆஃப் தி புக்ஸ் பிரிண்டட் பை தீஸ் கம்பெனீஸ் ஆர் புவர்' என்று வந்தால் பலருக்குப் பிழையே தெரிவதில்லை. 'கம்பெனீஸ் ஆர்' என்பது காதுக்குச் சரியாகவே கேட்கிறது. எழுவாய் 'குவாலிட்டி', அது ஒருமை, எனவே 'இஸ்' வர வேண்டும். கேள்வி தயாரித்தவர் வேண்டுமென்றே எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே இரண்டு பன்மைச் சொற்களை நிறுத்தியிருக்கிறார்.

காதை நம்பி விடை குறிப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. ஒவ்வொரு விடைக்கும் 'எந்தச் சொல்லை வைத்து இதை முடிவு செய்தேன்?' என்று கேட்டுப் பாருங்கள். விரல் வைத்துக் காட்ட ஒரு சொல் இருக்க வேண்டும். இலக்கணம், சொல், பத்தி மூன்றுக்குமே இந்தக் கேள்வி பொருந்தும். கீழே வரும் பதில்களில் பாதி இதன் விரிவாக்கம்தான்.

'ஸ்பாட்டிங் எரர்ஸ்' கேள்வியில் முதலில் எங்கே பார்ப்பது?

வினைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள். அதற்கு எழுவாய் எது என்று பாருங்கள். நடுவில் வரும் 'ஆஃப்', 'வித்', 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' தொடர்களை மனதுக்குள் அடித்துவிடுங்கள். 'தி கேப்டன், அலாங் வித் ஹிஸ் பிளேயர்ஸ், வாஸ் பிரசென்ட்' என்பதுதான் சரி. பிளேயர்கள் எத்தனை பேர் வந்தாலும் வினை கேப்டனைத்தான் பார்க்கும்.

'நைதர்... நார்', 'ஐதர்... ஆர்' வந்தால் கதை வேறு. அங்கே வினை தனக்குப் பக்கத்தில் நிற்கும் எழுவாயைப் பார்க்கும். 'நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் வேர் ரெடி'. இடம் மாற்றி டீச்சரைப் பின்னால் கொண்டுவந்தால் 'வாஸ்'.

தேர்வுகளுக்கு மிகப் பிடித்த இன்னும் சில: 'அ நம்பர் ஆஃப்' என்றால் பன்மை வினை, 'தி நம்பர் ஆஃப்' என்றால் ஒருமை வினை. 'ஈச் ஆஃப்', 'மெனி அ' இரண்டும் ஒருமை. 'ஒன் ஆஃப் தி' அடுத்து வரும் பெயர்ச்சொல் பன்மை, வினை ஒருமை: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்'. ஆனால் 'ஒன் ஆஃப் தோஸ் மென் ஹூ' என்று போனால், அந்த 'ஹூ'வுக்குப் பிறகு பன்மை வினைதான். 'ஹூ' குறிப்பது அந்த ஒருவனை இல்லை, 'தோஸ் மென்' கூட்டத்தை. இந்த ஒரு கேள்வியில் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குவார்கள்.

எழுவாய், வினை சரியாக இருக்கின்றனவா? அடுத்து டென்ஸ், அப்புறம் ப்ரிப்போசிஷன், கடைசியில் ஆர்ட்டிகிள் என்று போங்கள். ஜோடிச் சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 'நோ சூனர்' வந்தால் பின்னால் 'தன்' வர வேண்டும், 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' வந்தால் 'வென்'. 'நோ சூனர்... வென்' என்று மாற்றிப்போட்டுக் கேட்பது பழைய தந்திரம், இன்றும் ஓடுகிறது.

எல்லாம் சரியாகத் தெரிகிறது. 'நோ எரர்' குறிக்கலாமா?

தாராளமாக. அதுவும் ஒரு விடைதான். மேலே சொன்ன வரிசையில் ஒருமுறை பார்த்தும் எதுவும் சிக்கவில்லை என்றால் குறித்துவிட்டு நகருங்கள். 'எங்கேயோ பிழை இருக்கத்தான் வேண்டும்' என்று தோண்ட ஆரம்பித்தால் நல்ல சொல்லைக் கூடச் சந்தேகப்படுவீர்கள்.

டென்ஸ் எப்போதும் குழப்புகிறது. பன்னிரண்டு டென்ஸையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பெயர்கள் தெரிந்தால் நல்லது, ஆனால் விடையைத் தருவது வாக்கியத்தில் உள்ள காலச் சொல். 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 1998', 'அகோ' போன்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் சொல் இருந்தால் சிம்பிள் பாஸ்ட். 'ஐ ஹாவ் மெட் ஹிம் எஸ்டர்டே' தப்பு, 'ஐ மெட் ஹிம் எஸ்டர்டே' சரி. 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்' வந்தால் பெரும்பாலும் 'ஹாவ்' அல்லது 'ஹாஸ்' தேவைப்படும்.

'சின்ஸ்', 'ஃபார்' இரண்டும் அடிக்கடி வரும். 'சின்ஸ்' தொடங்கிய நேரத்தைச் சொல்லும்: 'சின்ஸ் மண்டே', 'சின்ஸ் 2015'. 'ஃபார்' எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும்: 'ஃபார் டூ ஹவர்ஸ்'. அன்று தொடங்கி இன்றும் தொடர்கிற செயலுக்கு 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2015' என்று எழுதக் கூடாது, 'ஐ ஹாவ் பீன் லிவிங்' என்று வர வேண்டும். தமிழில் 'இங்கே இருக்கிறேன்' என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவதால் நம் கண்ணுக்கு இந்தப் பிழை எளிதில் தெரியாது.

கடந்த காலத்தில் இரண்டு செயல் என்றால் முந்தியதற்கு 'ஹாட்'. 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹாட் லெஃப்ட்'. அப்புறம், 'வென்', 'இஃப்', 'அன்டில்' தொடங்கும் பகுதி எதிர்காலத்தைப் பேசினாலும் அங்கே பொதுவாக 'வில்' வராது: 'ஐ வில் டெல் ஹிம் வென் ஹி கம்ஸ்'. இந்த நான்கைந்தை வைத்தே தேர்வில் வரும் டென்ஸ் கேள்விகளில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடலாம்.

'அ', 'அன்' எப்போது எது?

எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். 'ஹவர்', 'ஆனஸ்ட்' சொற்களில் எச் ஊமையாக இருப்பதால் 'அன்'. 'யுனிவர்சிட்டி', 'யூரோப்பியன்', 'ஒன்-ஐட் மேன்' ஆகியவை உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'யு', 'வ' என்று வருவதால் 'அ'. 'எம்பிஏ' என்ற சுருக்கம் 'எ' ஒலியில் தொடங்குகிறது, எனவே 'அன்'.

'தி' எங்கே வரும் என்பது இதைவிடக் கடினம். விதிப் பட்டியலைவிட நிறையப் படிப்பதால்தான் அது கைவரும்.

ப்ரிப்போசிஷன் மனப்பாடம் மட்டும்தானா? வேறு வழி இல்லையா?

பெரும்பாலும் மனப்பாடம்தான். ஆனால் தனிச்சொல்லாகப் பட்டியல் போட்டால் நிற்காது, முழுத் தொடராக வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வுகள் அதிகம் குறிவைப்பது, ப்ரிப்போசிஷனே தேவைப்படாத வினைகளை. 'டிஸ்கஸ்', 'டிஸ்க்ரைப்', 'ரிசெம்பிள்', 'எம்ஃபசைஸ்', ஓர் இடத்தை அடைவது என்ற பொருளில் 'ரீச்': இவற்றுக்குப் பின்னால் எதுவும் வராது. 'டிஸ்கஸ் அபவுட்' பேச்சில் சகஜமாகிவிட்டது, தேர்வில் தப்பு. 'கன்சிஸ்ட் ஆஃப்' சரி, 'கம்ப்ரைஸ்' தனியாகவே நிற்கும். 'இன் ஸ்பைட் ஆஃப்' சரி, 'டெஸ்பைட் ஆஃப்' தப்பு. 'கோப் வித்' போதும், நடுவில் 'அப்' நுழைக்க வேண்டாம். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'பிரிஃபர்' எல்லாம் ஒப்பிட்டாலும் 'தன்' கேட்காது, 'டு' தான் கேட்கும்.

கொஸ்டின் டேக்?

வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் குட்டிக் கேள்விதான் டேக். முன் பகுதி பாசிட்டிவ் என்றால் டேக் நெகட்டிவ், அது நெகட்டிவ் என்றால் இது பாசிட்டிவ். சிக்க வைப்பவை மூன்று: 'ஐ ஆம் லேட்' என்றால் 'ஆரன்ட் ஐ', 'லெட்ஸ் கோ' என்றால் 'ஷால் வி', 'ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்' என்றால் 'டஸ் ஹி'. 'ஹார்ட்லி', 'செல்டம்', 'ஃபியூ' எல்லாம் 'நாட்' இல்லாமலே நெகட்டிவ் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

எத்தனை சொல் தெரிந்தால் போதும்?

மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் ஒரு கணக்குச் சொன்னார். நாவல், செய்தித்தாள் போன்றவற்றில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டுமானால் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்றார். சொற்குடும்பம் என்றால் 'டிசைட்', 'டிசிஷன்', 'டிசைசிவ்' எல்லாம் சேர்ந்து ஒன்று. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். 98 சதவீதம் என்பது 50 சொல்லுக்கு ஒன்று தெரியாத நிலை. அதைவிடக் குறைவாகத் தெரிந்தும் தேர்வுப் பத்திகளைச் சமாளிக்கிறவர்கள் உண்டு.

எங்கே தொடங்குவது என்றால், ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 'அகாடமிக் வேர்டு லிஸ்ட்' நல்ல இடம். அதில் 570 சொற்குடும்பங்கள்தான். 'அனலைஸ்', 'சிக்னிஃபிகன்ட்', 'ஹைப்பாதசிஸ்' மாதிரி எந்தப் பாடத்தைப் பற்றிய பத்தியிலும் தலைகாட்டும் சொற்கள். யாரும் பயன்படுத்தாத அபூர்வச் சொற்களைத் துரத்துவதைவிட இதை முடிப்பதில் லாபம் அதிகம்.

தெரியாத சொல்லைக் கேட்டுவிட்டால்?

வாக்கியத்துக்குள் வந்திருந்தால் பயமில்லை. 'அன்லைக் ஹிஸ் டாக்கட்டிவ் பிரதர், ஹி வாஸ் டாசிடர்ன்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'டாசிடர்ன்' என்றால் என்ன என்று தெரிய வேண்டியதே இல்லை. 'அன்லைக்' என்ற சொல்லே, இவன் அண்ணனுக்கு நேரெதிர் என்று சொல்லிவிடுகிறது. அண்ணன் வாயாடி, அப்படியானால் இவன் அதிகம் பேசாதவன். 'பட்', 'ஆல்தோ', 'டெஸ்பைட்', 'ராதர் தன்' எல்லாம் இதே மாதிரி எதிர்த்திசையைக் காட்டும் சொற்கள். 'பிகாஸ்', 'தேர்ஃபோர்', 'மோரோவர்' அதே திசையில் கூட்டிப்போகும்.

தனியாக வந்திருந்தால் வேர்ச்சொல் கைகொடுக்கும். 'பெனி' என்றால் நல்லது, 'மல்' என்றால் கெட்டது, 'க்ரோன்' என்றால் காலம். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 'இன்' வந்தால் 'இல்லை' என்று நினைத்து 'இன்ஃப்ளேமபிள்' என்பதைத் தீப்பிடிக்காதது என்று குறித்தால் போச்சு, எளிதில் தீப்பிடிப்பது என்பதுதான் பொருள். 'இன்வேல்யுவபிள்' மதிப்பில்லாதது அல்ல, விலைமதிப்பற்றது. 'எனர்வேட்' எனர்ஜி தருவது போல ஒலிக்கும், பலவீனப்படுத்துவது என்று பொருள். 'நாய்சம்' என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது, அது துர்நாற்றம் வீசுவதைக் குறிக்கும். 'ரெஸ்டிவ்' ஓய்வாக இருப்பவர் இல்லை, பொறுமையிழந்து தவிப்பவர். இந்த ஐந்தும் கேள்வித்தாள் தயாரிப்பவர்களின் செல்லப்பிள்ளைகள்.

சினானிம் கேள்வியில் இரண்டு ஆப்ஷனும் சரி போலத் தெரிகிறதே?

இரண்டில் எது பாராட்டு, எது திட்டு என்று பாருங்கள். 'த்ரிஃப்டி', 'ஸ்டிஞ்சி' இரண்டுமே செலவைக் குறைப்பவரைச் சொல்லும். முதலாமவர் சிக்கனமானவர், இரண்டாமவர் கஞ்சன். கேட்ட சொல் 'ஃப்ரூகல்' என்றால் விடை 'த்ரிஃப்டி'. அப்படியும் தீரவில்லை என்றால் இரண்டையும் மூல வாக்கியத்தில் பொருத்திப் படியுங்கள். ஒன்று இடறும்.

க்ளோஸ் டெஸ்ட் நிரப்ப ஏதாவது குறுக்குவழி?

பத்தியில் சில சொற்களை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் இந்த முறையை வில்சன் டெய்லர் 1953-இல் உருவாக்கியது மாணவர்களைச் சோதிக்க அல்ல, ஒரு கட்டுரை படிக்க எளிதா, கடினமா என்று அளக்க. சுற்றியுள்ள சொற்களை வைத்தே இடைவெளியை நிரப்ப முடியும் என்பதுதான் இதன் அடிப்படை. எனவே முதல் கோடிட்ட இடத்திலேயே நின்று மல்லுக்கட்டாதீர்கள். பத்தி முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் படித்துவிட்டு வாருங்கள். மூன்றாவது இடைவெளிக்கான துப்பு ஏழாவது வரியில் இருக்கும்.

முதலில் பத்தியா, கேள்வியா?

இரண்டு கட்சியும் உண்டு. நான் கேள்விக் கட்சி, ஆனால் பாதிதான். கேள்விகளை ஒரு கண்ணோட்டம் விடுங்கள், ஆப்ஷன்களைப் படிக்காதீர்கள். நான்கு ஆப்ஷனில் மூன்று பொய். அவற்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு பத்திக்குள் போனால், படிப்பதெல்லாம் அந்தப் பொய்க்கு ஏற்ற மாதிரியே தெரியும். பத்தி சின்னதாக இருந்தால் நேராகப் பத்தியையே படித்துவிடலாம்.

'இன்ஃபரன்ஸ்' கேள்விகள்தான் கொல்கின்றன. எதை ஊகிக்கலாம், எதை ஊகிக்கக் கூடாது?

ஒரு சின்னப் பத்தியை வைத்துப் பார்ப்போம். தமிழிலேயே தருகிறேன், உத்தி எந்த மொழியிலும் ஒன்றுதான்.

"ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள். இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு ரத்தத்தை அனுப்புகின்றன. மூன்றாவது இதயம் உடலின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்புகிறது. நீந்தும்போது இந்த மூன்றாவது இதயம் துடிப்பதை நிறுத்திவிடுகிறது. நீந்தினால் சீக்கிரம் களைத்துவிடுவதால், ஆக்டோபஸ் பெரும்பாலும் ஊர்ந்து செல்வதையே விரும்புகிறது."

இதிலிருந்து எதை ஊகிக்கலாம்?

அ) ஆக்டோபஸால் நீந்த முடியாது.
ஆ) ஆக்டோபஸின் ரத்தம் நீல நிறம்.
இ) ஊர்வதைவிட நீந்துவது ஆக்டோபஸுக்கு அதிகச் சிரமம்.
ஈ) ஆக்டோபஸ் ஆபத்து வந்தால் மட்டுமே நீந்தும்.

'அ' பத்திக்கு நேர் எதிர். 'நீந்தும்போது' என்று சொல்லியிருக்கிறார்களே. 'ஆ'தான் விவரம் தெரிந்தவர்களைக் கவிழ்க்கும் ஆப்ஷன். ஆக்டோபஸின் ரத்தம் உண்மையிலேயே நீலம்தான், ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளில் செம்பு இருப்பதால். ஆனால் பத்தி அதைப் பற்றி மூச்சு விடவில்லை. உலகத்தில் உண்மை, பத்தியில் இல்லை என்றால் அது விடை இல்லை. 'ஈ'யில் 'மட்டுமே' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆபத்து பற்றிப் பேச்சே எழாத பத்தியில் அதை எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஒன்லி' போட்ட ஆப்ஷன்கள் எல்லாம் தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் அந்தச் சொல்லுக்கு ஈடான சொல் பத்தியிலும் இருக்க வேண்டும்.

மிஞ்சுவது 'இ'. பத்தியில் 'சிரமம்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் 'சீக்கிரம் களைத்துவிடுவதால்', 'ஊர்ந்து செல்வதையே விரும்புகிறது' இரண்டையும் சேர்த்தால் வேறு முடிவுக்கு வர வழியில்லை. இன்ஃபரன்ஸ் என்பது அந்த ஒரே ஒரு அடி. இரண்டாவது அடி வைத்தால் அது உங்கள் கற்பனை.

பத்தியின் சொற்களையே அச்சுப் பிசகாமல் எடுத்துப் போட்ட ஆப்ஷனிடமும் எச்சரிக்கை தேவை. சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில்தான் வரும்.

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 'ஃபால்ஸ்', 'நாட் கிவன்' இரண்டுக்கும் வித்தியாசமே புரியவில்லை.

அதே ஆக்டோபஸ் பத்தியை எடுத்துக்கொள்வோம். 'நீந்தும்போது மூன்று இதயங்களும் துடிக்கும்' என்றால் ஃபால்ஸ், ஏனென்றால் அதை மறுக்கும் வரி பத்தியில் இருக்கிறது. 'ஆக்டோபஸ் மீனைவிட மெதுவாக நீந்தும்' என்றால் நாட் கிவன். மறுக்கவும் வரி இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. மறுக்கும் வரியைக் காட்ட முடிந்தால் மட்டும் ஃபால்ஸ் போடுங்கள்.

நேரம் போதவில்லை.

ஐஇஎல்டிஎஸ் ரீடிங்கில் 60 நிமிடத்துக்கு 40 கேள்விகள். படிப்பதையும் சேர்த்துக் கேள்விக்கு ஒன்றரை நிமிடம்தான். வேறு சில தேர்வுகளில் இதைவிடவும் நெருக்கடி. கிராமர், சொல் கேள்விகளை முதலில் முடியுங்கள். அங்கே தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் உட்கார்ந்து யோசித்தாலும் வராது. மிச்சம் பிடித்த நேரத்தைப் பத்திக்குக் கொடுங்கள். பத்தி இரண்டு நிமிடம் கூடக் கொடுத்தால் பலன் தரும்.

நெகட்டிவ் மார்க் இருந்தால் ஊகித்துக் குறிக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு ஆப்ஷன், சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு என்றால், கண்ணை மூடிக் குறிப்பதில் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஓர் ஆப்ஷனை நிச்சயமாகத் தள்ள முடிந்துவிட்டால் ஊகம் லாபத்துக்குப் போய்விடும். கழிவு கால் பங்கு என்றால் கண்மூடி ஊகிப்பதிலேயே சராசரியாகச் சிறிது லாபம் உண்டு. கழிவே இல்லாத தேர்வில் ஒரு கேள்வியைக்கூட வெறுமனே விட்டுவரக் கூடாது.

தினமும் மாக் டெஸ்ட் எழுதுகிறேன், மார்க் ஏறவில்லை. என்ன செய்வது?

எழுதுவதைக் குறைத்து, எழுதியதைத் திரும்பிப் பாருங்கள். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: விதி தெரியவில்லையா, விதி தெரிந்தும் எழுவாயைத் தவறவிட்டீர்களா, சொல் தெரியவில்லையா, பத்தியில் இல்லாததை நீங்களே சேர்த்துக்கொண்டீர்களா, 'நாட்', 'எக்செப்ட்' போட்ட கேள்வியை அவசரத்தில் தலைகீழாகப் படித்தீர்களா? நாலைந்து டெஸ்ட்டிலேயே உங்கள் வழக்கமான ஓட்டை எது என்று தெரிந்துவிடும். சரியாக வந்தவற்றிலும் ஊகித்துக் குறித்ததைத் தனியாக அடையாளம் போட்டு வையுங்கள். அதைத் தெரிந்த கணக்கில் சேர்க்க முடியாது.

விடைக்குறிப்பே தப்பாக இருந்தால்?

இருக்கும். பயிற்சிப் புத்தகங்களிலும் இணையத்திலும் இது சகஜம். முதலில் நல்ல அகராதி ஒன்றைப் பாருங்கள், அதில் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படியுங்கள். பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கு வித்தியாசமாக இருக்கலாம். 'தி டீம் ஆர் பிளேயிங் வெல்' என்பதை பிரிட்டிஷ் ஆங்கிலம் ஏற்கும், அமெரிக்க ஆங்கிலம் 'இஸ்' கேட்கும். உங்கள் தேர்வு எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்று பழைய கேள்வித்தாள்களில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் உங்கள் விடைதான் சரி என்று தோன்றினால், பயிற்சிப் புத்தகமாக இருக்கும்பட்சத்தில் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். உண்மையான தேர்வு என்றால், தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் தேர்வாணையங்கள் பல உண்டு. கெடு முடிவதற்குள், அகராதிப் பக்கத்தை இணைத்து அனுப்பிவிடுங்கள்.